நூல் வால் வைத்த திருடன்

கண்ணுகளா, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். பின்னால் இருப்பவர்களுக்கும் காதில் விழ வேண்டும். இன்றைக்கு ஒரு திருட்டுக் கதை சொல்லப்போகிறேன். ரத்தம் கிடையாது, துப்பாக்கி கிடையாது, ராத்திரி தூக்கம் கெடும் என்ற கவலை யாருக்கும் வேண்டாம். ஒரே ஒரு ஓட்டை வரும், அதில் ஒருவர் கால் மாட்டிக்கொள்ளும். அதுவரை பொறுமையாகக் கேளுங்கள்.

டிரைவிங் பள்ளி வாத்தியார் ஒருவர் இருந்தார். ஐம்பது வயது. இருபத்திரண்டு வருஷமாக, வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து, அவருடைய வலது கால் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. பஸ்ஸில் போகும்போது குறுக்கே ஒரு நாய் வந்தால் போதும், அந்தக் கால் தானாக எழுந்து, இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிக்கும். தியேட்டரில் முன்வரிசைக்காரர்களிடம் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இரண்டு தடவையும் திரையில் கார் துரத்தும் காட்சி.

துப்பறிவாளர் அவர் இல்லை, அவருடைய அண்ணி. முப்பத்தொரு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர். சர்வேயரம்மா என்றால் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். பிரேக் பிடிக்கவில்லை என்று அழுதவர்களில் எத்தனை பேர் உண்மையில் பிரேக்கை மிதித்தார்கள் என்ற கணக்கு அவர் ஒருவரிடம்தான் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். பொருள் தொலைந்தவர், ஆள் மேல் சந்தேகப்பட்டவர், சந்தேகத்துக்கு ஆளானவர் என்று மூன்று வகை. போகிற இடத்துக்கெல்லாம் கொழுந்தனாரின் பள்ளிக் கார்தான். அண்ணி ஓட்டுவார். வாத்தியார் பக்கத்தில், தன் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தபடி நிம்மதியாக இருப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை போன் செய்தவர் டாக்டரம்மா. அவர் டாக்டர் இல்லை, பல் டாக்டரின் மனைவி. கிளினிக்கில் கணவருக்குக் கருவி எடுத்துக்கொடுப்பவர். ஊர் கொடுத்த பட்டத்தை மறுத்து மறுத்து அலுத்துப்போய் விட்டுவிட்டார். தங்கள் ஷெட்டிலிருந்து ஜீப்பின் கார்புரேட்டர் காணாமல் போய்விட்டது, வந்து பார்க்க முடியுமா என்றார். வருவதாகச் சொன்னதும், தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

"அக்கா, உங்களுக்குத் துரு பார்க்கத் தெரியும்தானே?"

தெரியும் என்று சொல்லிப் போனை வைத்த பிறகு, சர்வேயரம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி?"

"திருட்டுக்காகக் கூப்பிடுறவங்க, திருடனைப் பிடிக்கத் தெரியுமான்னுதான் கேப்பாங்க."

"சிக்கனக்காரங்களா இருக்கும். ஒரே ஆளு ரெண்டையும் பாத்துடுவாங்களான்னு ஒரு ஆசை."

விஷயம் இதுதான். ஒரு பழைய செங்கல் சூளையில், டாக்டரைவிட மூத்த ஜீப் ஒன்று கிடந்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜாதி. டாக்டர் அதைக் கண்டபோது ஓட்டுநர் இருக்கை வழியாக ஒரு செடி வளர்ந்து, கண்ணாடி இருந்த இடத்தில் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டுக்குக் கொண்டுவந்து ஆறு வருஷம் ஆகிறது. டாக்டர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதற்குள் போய்விடுவார். மனைவி விளக்குப் பிடிப்பார், ஓட்டை அடைக்கிற பேஸ்ட்டைக் கலக்கிக் கொடுப்பார். நெருப்பு வேலை எல்லாம் தெருமுனை வெல்டருடையது. அந்த ஆறு வருஷத்தில் டாக்டரும் வெல்டரும் ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான்.

நாளைக்குச் சனிக்கிழமை. மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்தில் மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அவளையும் அவள் பெட்டிகளையும் இந்த ஜீப்பில்தான் ஏற்றிக்கொண்டு போய் விடுவேன் என்று டாக்டர், வாயில் பல் இருக்கும் அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை பார்த்தால் கார்புரேட்டரைக் காணவில்லை. அது இல்லாமல் எஞ்சினுக்கு பெட்ரோலும் காற்றும் சேர்ந்து போகாது. வண்டி நின்ற இடத்தில் நிற்கும்.

ஷெட்டின் பூட்டுக்கு மூன்று சாவிகள். ஒன்று டாக்டரிடம், ஒன்று வீட்டில், ஒன்று வெல்டரிடம். திங்கட்கிழமை டாக்டருக்கும் வெல்டருக்கும் வாய்ச்சண்டை, வெல்டர் கோபித்துக்கொண்டு போனார். டாக்டர் இந்த இரண்டையும் கூட்டினார். நேரே தெருமுனை பேக்கரி வாசலுக்குப் போய், நான்கு பேர் நடுவில் நின்று, எடுத்தது வெல்டர்தான் என்றார். மறுநாளே ஒருவர் பாதி வேலையில் இருந்த தன் இரும்பு கேட்டைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கடுத்த நாள் இன்னொருவர் ஜன்னல் கம்பிகளோடு போனார். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் பொருள் வராவிட்டால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது என்று டாக்டர் முடிவு செய்திருந்தார். போனால், அந்த மனிதர் அந்தத் தெருவில் அதற்குப் பிறகு ஒரு கதவுக்கீலைக்கூட ஒட்ட முடியாது.

ஷெட்டில் ஜீப் அடர்பச்சை நிறத்தில், முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. எங்கேயும் ஒரு மேடு பள்ளம் இல்லை. டாக்டர் பழைய போட்டோக்களைக் காட்டி, ஒவ்வொரு ஓட்டையையும் தானே தேய்த்து, அடைத்து, இழைத்த கதையைச் சொன்னார். கார்புரேட்டர் இருந்த இடத்தைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பேச்சு சுருங்கியது. ஒரு தடவை பானெட்டைத் திறந்தாராம், இல்லை என்று பார்த்தாராம், அடித்து மூடினாராம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவே மனசில்லையாம். நோயாளி காத்திருப்பதாகச் சொல்லி கிளினிக்குக்குப் போய்விட்டார்.

அண்ணி பானெட்டைத் தூக்கினார். கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த இடத்தில் இரண்டு போல்ட்டுகள் நிமிர்ந்து நின்றன. கழற்றிய நட்டுகள் இரண்டையும் திரும்ப அவற்றிலேயே கையால் சுற்றி வைத்திருந்தது. நடுவில் எஞ்சினின் வாய். அந்த வாயில் வெள்ளைத் துணியை இறுக்கமாக உருட்டி, அளவெடுத்த மாதிரி அடைத்திருந்தது. அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை நூல் வெளியே தொங்கியது.

"திருடன் எதுக்கு அடைச்சுட்டுப் போறான்?" என்றார் வாத்தியார்.

"உள்ள தூசி விழாம இருக்க."

"கதவைச் சாத்திட்டுப் போற திருடனைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். வீட்டைப் பெருக்கிட்டுப் போறவனை இப்பத்தான் பாக்குறேன். அந்த நூலு?"

"அடைச்சது தெரியாம யாரும் வண்டியைக் கிளப்பிடக் கூடாதுன்னு, எடுக்குறதுக்கு வால் விட்டிருக்கு."

"அப்ப அவனுக்கு இந்த வண்டி ஓடணும்."

"என்னைக்காவது ஒரு நாள் ஓடணும்," என்று சொல்லி, அண்ணி நூலைப் பிடித்து இழுத்தார். அடைப்பு ஒரு சத்தம் இல்லாமல் முழுசாக வந்தது. அதைக் கைக்குட்டையில் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வேறு சுத்தமான துணியால் அந்த வாயை அடைத்துவிட்டுத்தான் பானெட்டை மூடினார். முப்பத்தொரு வருஷப் பழக்கம் அவருக்கும் உண்டல்லவா.

வெல்டரின் பட்டறையில் நெருப்பு இல்லை. யாரோ விட்டுப்போன பழைய நாற்காலி ஒன்று மட்டும் மூன்று காலோடு நின்றது. வெல்டர் பெரிய தோள்களைக் குறுக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அண்ணி அவரிடம் திருட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு குழாய்த் துண்டை எடுத்துக் கொடுத்து, இதற்குள் தூசி போகாமல் அடைத்துக் காட்டச் சொன்னார். வெல்டர் ஒரு பழைய பனியனைக் கிழித்து, கசக்கி, கட்டை விரலால் திணித்தார். பாதித் துணி நாக்கு மாதிரி வெளியே தொங்கியது.

கழற்றிய நட்டுகளை எங்கே போடுவீர்கள் என்று அண்ணி அடுத்ததாகக் கேட்டார். சட்டைப் பையில், என்றார் வெல்டர். துவைக்கிற கல்லில் டங்கென்று சத்தம் வந்த பிறகுதான் அவர் மனைவிக்குச் சட்டையில் என்ன இருக்கிறது என்று தெரியுமாம். டாக்டர்தான் எடுத்த நட்டை எடுத்த இடத்திலேயே போடச் சொல்லி ஆறு வருஷம் கத்தியும் தனக்கு அது வரவில்லையாம்.

திங்கட்கிழமை என்ன சண்டை என்று கேட்டதும் அவர் முகம் இறுகியது.

"அதை மட்டும் கேக்காதீங்கம்மா. ஒரு தடவை சொன்னேன். வேலையை இழுத்தடிக்கப் பாக்குறேன்னாரு. இப்ப திரும்பச் சொன்னா, திருடன் தப்பிக்கிறதுக்குக் கதை கட்டுறான்னு ஆகும். எனக்கு நான் எடுக்கலைன்னு ஆனாப் போதும்."

காரில் ஏறியதும் வாத்தியார், இவர் இல்லை என்றார். இந்தக் கையால் அடைத்திருந்தால் அந்த எஞ்சினுக்கு மூச்சே திணறியிருக்கும் என்றார். அண்ணி வண்டியைக் கிளினிக் வாசலில் நிறுத்தினார்.

"உள்ள போய் நாற்காலியில உட்காரு தம்பி."

"எனக்குப் பல்வலி இல்லையே அண்ணி."

"டாக்டர் பாத்தா இருக்கும்."

இருந்தது. கடைவாயில் ஒரு சொத்தை. டாக்டருக்கு வாயைப் பார்த்ததும் திருட்டுக் கவலை எல்லாம் மறந்து முகம் மலர்ந்துவிட்டது. ஊசி போட்டார். வாத்தியாரின் வலது கால் நாற்காலியின் கால்மிதியை ஓங்கி மிதித்தது. டாக்டர் அதைக் கண்டுகொள்ளாமல், சுரண்டிக்கொண்டே பாடம் நடத்தினார்.

"சொத்தையை முழுசாச் சுரண்டி எடுத்துட்டுத்தான் அடைக்கணும். மேலோட அடைச்சா வெளிய அழகா இருக்கும். உள்ளுக்குள்ள அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். ஒரு நாள் கடிக்கும்போது மொத்தமா உடையும்."

பக்கத்தில் நின்ற டாக்டரம்மாவின் கைகள், கண் பார்க்காமலே வேலை செய்தன. காயத்துக்கு வைக்கிற வலைத்துணியில் ஒரு துண்டு எடுத்து, இரண்டு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இறுக்கி உருட்டி, ஒரு வெள்ளை நூலைக் கட்டி, வாத்தியாரின் கன்னத்துக்குள் சொருகினார். நோயாளி விழுங்கிவிட்டால் பிடித்து இழுக்கத்தான் அந்த நூலாம். தலைக்கு மேல் தொங்கிய கண்ணாடியில் வாத்தியார் தன்னைப் பார்த்தார். பிளந்த வாய், அதன் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை வால்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் சொல்வதற்கு ஒரு முக்கியமான விஷயம் இருந்தது. வாயில் இடம் இல்லை. கண்ணை உருட்டி அண்ணியைக் கூப்பிட்டார். அண்ணி ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் பாதி மரத்த நாக்கால் வாத்தியார் தன் கண்டுபிடிப்பைக் கொட்டினார். டாக்டரேதான் எடுத்திருக்கிறார். ஆறு வருஷம் பீற்றிக்கொண்டாயிற்று, நாளைக்கு வண்டி கிளம்பாவிட்டால் மானம் போய்விடும், அந்தப் பயத்தில் தன் பொருளைத் தானே ஒளித்துவிட்டு வெல்டர் தலையில் கட்டுகிறார். உதட்டோரம் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே இத்தனையும் சொன்னார்.

"நல்லா யோசிச்சிருக்கே," என்றார் அண்ணி. "டாக்டருக்கு உருட்டத் தெரியுமா?"

வாத்தியார் மறுபடி உதட்டோரத்தைத் துடைத்துக்கொண்டார். ஊசி மருந்து இன்னும் இறங்கவில்லை என்று அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டார்.

நாலரை மணிக்கு அவர்கள் மறுபடி ஷெட்டுக்குப் போனபோது, டாக்டர் ஸ்டேஷனுக்குப் போக இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக இருந்தார். டாக்டரம்மா சுவரோரம் நின்றிருந்தார். அண்ணி சொல்லி அனுப்பியதால் வெல்டரும் வந்திருந்தார். ஆனால் கேட்டுக்கு வெளியேதான் நின்றார், உள்ளே கால் வைக்கவில்லை.

போவதற்கு முன்னால் ஒரே ஒரு ஆசை என்றார் அண்ணி. இவ்வளவு பாடுபட்ட வண்டி, எஞ்சின் ஓடாவிட்டால் பரவாயில்லை, நாளைக்கு எப்படி ஓட்டியிருப்பீர்கள் என்று உட்கார்ந்து காட்டினால் போதும். இப்படிக் கேட்டால் மறுக்கிற ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. டாக்டர் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பக்கத்தில் உட்காரும்படி கொழுந்தனாருக்கு அண்ணி கண்ணைக் காட்டினார்.

டாக்டர் கற்பனையில் கியர் மாற்றினார். ஊர் தாண்டினார். மலை ஏறினார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. குரலே மாறிவிட்டது. "இந்த மூணாவது வளைவுல எதிர்ல ஒரு லாரி வருதுன்னு வச்சுக்குங்க," என்று ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பினார்.

வாத்தியாரின் வலது கால் லாரியைப் பார்த்துவிட்டது.

காய்ந்த ரொட்டி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பச்சைப் பெயின்ட் சில்லுச் சில்லாகத் தெறித்தது. தூசி அடங்கியபோது வாத்தியார் இருக்கையில் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய ஒரு முழங்கால் இருந்தது. அதற்குக் கீழே காணவில்லை.

"அண்ணி," என்றார் வாத்தியார், "நான் வண்டிக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு வெளிய தரையில நிக்கிறேன்."

அண்ணி கைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்தார். இன்சூரன்ஸ் வேலையில் அவர் நம்பிய ஒரே சாட்சி அதுதான். வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து, உடைந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு, வண்டியின் மொத்தப் பாரத்தையும் தாங்குகிற சேஸ் சட்டத்தில் அதை ஒட்டினார். காந்தம் கீழே விழுந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி ஒட்டினார். விழுந்தது. முழங்கை நீளத்துக்கு எங்கே வைத்தாலும் விழுந்தது.

"இந்த இடத்துல இரும்பே இல்லை டாக்டர். பேஸ்ட்டுதான் இருக்கு. நாளைக்கு இந்த சீட்டுல யாரு?"

டாக்டர் அந்த சீட்டைத் திரும்பிப் பார்த்தார். மலை நன்றாகத் தெரியும் என்று மகள் முன் இருக்கையைக் கேட்டு வாங்கியிருந்தாள்.

"நான் அடைச்சது," என்று ஆரம்பித்தார், "கல்லு மாதிரி இருக்கும்."

"கல்லு மேலதான் கால் வச்சேன் டாக்டர்," என்றார் ஓட்டையில் நின்றவர்.

"மத்தியானம் என்ன சொன்னீங்க?" என்றார் அண்ணி. "மேலோட அடைச்சா உள்ளுக்குள்ள அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும்னு. இவன் வாயில அதைச் செய்ய மாட்டேன்னீங்க. உங்க பொண்ணு காலுக்கடியில செஞ்சிருக்கீங்க."

டாக்டர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். சுவரோரமாக ஒரு குரல் வந்தது.

"கார்புரேட்டரை நான்தான் எடுத்தேன்."

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். திங்கட்கிழமை வெல்டர் அண்ணன் சுத்தியலால் தட்டி, சத்தம் செத்திருக்கிறது, உள்ளே இரும்பு இல்லை, இந்தச் சட்டத்தை வெட்டி எடுத்துப் புதிதாக வைக்காமல் மலை ஏறாதீர்கள் என்று சொன்னபோது தானும் விளக்கோடு அங்கேதான் நின்றாராம். அவர் போன பிறகு கணவரிடம் எடுத்துச் சொன்னாராம்.

"நீ பேஸ்ட்டைக் கலக்கு, அது போதும்னீங்க. கலக்கினவளுக்குத்தானே தெரியும் எத்தனை டப்பா உள்ள போயிருக்குன்னு. நாப்பத்தி மூணு டப்பா. ஒரு வண்டியில அவ்வளவு ஓட்டைன்னா மிச்சம் எங்க இருக்கு வண்டி?"

சனிக்கிழமை கடந்தால் போதும், மகள் பஸ்ஸில் போய்விடுவாள், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் கழற்றினாராம். பழி வெல்டர் மேல் விழும் என்று நினைக்கவே இல்லையாம். விழுந்த பிறகு இரண்டு பக்கமும் அடைபட்டுப் போனது. திருப்பிக் கொடுத்தால் நாளைக்கு வண்டி கிளம்பிவிடும். கொடுக்காவிட்டால் ஒரு நல்ல மனிதர் ஸ்டேஷனுக்குப் போவார். தன் பேச்சு வீட்டில் எடுபடாது, வெல்டர் பேச்சு இனி எங்கேயும் எடுபடாது. கணவர் தட்டிக்கழிக்க முடியாத ஒரு ஆள் வந்து அந்த வண்டியைப் பார்க்க வேண்டியிருந்தது.

"அதான் துரு தெரியுமான்னு கேட்டியா," என்றார் அண்ணி.

"ஆமாக்கா."

வாத்தியார் ஓட்டையில் நின்றபடியே இதைத் தலைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். திருடியவரே போன் போட்டுக் கூப்பிட்டு, கண்டுபிடிக்கச் சொல்லி, கண்டுபிடிக்கப்படும்வரை நோயாளிக்குத் துணியும் உருட்டிக்கொடுத்த வழக்கு இதுதான் முதல். "நாங்க கண்டுபிடிக்காம போயிருந்தா?" என்று கேட்டார்.

"அஞ்சு மணிக்கு அவரோட நானும் ஸ்டேஷனுக்குக் கிளம்பியிருப்பேன். அங்க சொல்லியிருப்பேன். பொருள் கிளினிக்லதான் இருக்கு. கருவி வேகவைக்கிற பழைய டிரம்முல, எண்ணெய் போட்டு, துணி சுத்தி."

டாக்டர் மெல்ல இறங்கினார். மனைவியைப் பார்த்தார், பார்க்க முடியாமல் உடைந்த தரையைப் பார்த்தார். பிறகு கேட்டுக்கு வெளியே நின்றவரை நோக்கி நடந்து வாயைத் திறந்தார். அண்ணி குறுக்கே வந்தார்.

"இங்க வேணாம் டாக்டர். எங்க நின்னு சொன்னீங்களோ அங்க."

ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போயிருக்க வேண்டியவர் பேக்கரி வாசலுக்குப் போனார். அன்றைக்குக் கேட்ட நான்கு பேரில் மூன்று பேர் அங்கே இருந்தார்கள். கேட்டைத் தூக்கிப்போனவரும் அதில் ஒருவர். இஸ்திரிச் சட்டை முழுக்கப் பச்சைத் தூசியோடு நின்று, டாக்டர் ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கி வெளியே வைத்தார்.

"கார்புரேட்டர் எங்க வீட்லயேதான் இருந்துச்சு. இவரு எடுக்கலை. இவரு என் பொண்ணு உயிரைக் காப்பாத்துற பேச்சைத்தான் பேசினாரு. நான்தான் கேக்கலை. நான் இவர் மேல சொன்னது அத்தனையும் தப்பு."

பேக்கரிக்காரர் தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றார். மற்றவர்கள் வெல்டரைப் பார்த்தார்கள். வெல்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை நான்கு நாளாகச் சுத்தமாக இருந்தன.

"நாளைக்குப் பாப்பா எதுல போகுது?" என்று கேட்டார்.

"பஸ்ல."

"அப்ப திங்கக்கிழமை வண்டியைத் தள்ளிட்டு வாங்க. சட்டத்தை வெட்டணும். பேஸ்ட்டு டப்பா ஒண்ணுகூட என் பட்டறைக்குள்ள வரக் கூடாது."

டாக்டர் தலையாட்டினார். கேட்டைத் தூக்கிப்போனவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் கேட்டையும் திங்கட்கிழமையே கொண்டுவரலாமா என்று விசாரித்தார்.

வெல்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கொண்டு வாங்க. டாக்டர் வண்டி முடிஞ்சதும் பாக்குறேன்."

"அது எப்ப முடியும்?"

"இதுவரைக்கும் ஆறு வருஷம் ஆயிருக்கு," என்று சொல்லிவிட்டு, வெல்டர் பட்டறையைப் பார்த்து நடந்தார். கொஞ்ச நேரத்தில் அங்கே நீல வெளிச்சம் தெரிந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. கதை கேட்ட உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் மெதுவாகப் பேசுகிறவர் பேச்சும் காதில் விழட்டும். உண்மையைச் சொல்வதற்கு வெளியாளைக் கூப்பிட வேண்டிய நிலை உங்களில் யாருக்கும் வராமல் இருக்கட்டும். உங்களை நம்பி ஏறி உட்காருகிறவர்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற கை உங்கள் கையாக இருக்கட்டும். வெளியே போனவர்கள் எல்லோரும் நேரத்துக்கு வீடு வந்து, அடுப்பில் சூடு ஆறுவதற்குள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நன்றாக இருங்கள்.